சோள வயல்களும் ஒரு பெருந்தெருவும்

ஒரு நாட்டின் வரலாற்றை அறிய விழைவோர் அந்நாட்டின் அரண்மனைகளையும் ஆலயங்களையும் போர்க்களங்களையும் தேடிச் செல்வது வழக்கம். தெருக்களை எவரும் வரலாற்றுச் சான்றாகக் கொள்வதில்லை. ஆயினும், ஒரு தெரு எவருடைய காணியை ஊடறுத்துச் செல்கிறது, அதற்கு யார் பணம் கொடுத்தனர், அது எதனை எங்கிருந்து எங்கே கொண்டுசெல்கிறது என்னும் மூன்று வினாக்களை நாம் எழுப்புவோமாயின், அத்தெரு தான் கடந்து செல்லும் சமுதாயத்தின் உற்பத்தி முறையையும் வர்க்க உறவுகளையும் நமக்கு எடுத்துரைக்கும். ஐக்கிய அமெரிக்காவின் நடுப்பகுதியிலுள்ள கமநிலங்களினூடாகச் செல்லும் எண்பதாம் இலக்கப் பெருந்தெருவை இவ்வினாக்களோடு அணுக முயல்வோம்.

கிழக்கே நியூ ஜேர்சியிலிருந்து மேற்கே சான் பிரான்சிஸ்கோ வரை ஏறத்தாழ 2,900 மைல் நீளும் இத்தெருவில் அயோவா மாநிலத்துக்குரிய பகுதி 300 மைலுக்குச் சற்று மேற்பட்டது. அதற்கு மேற்கேயுள்ள நெபிராஸ்காவுக்குரியது ஏறத்தாழ 455 மைல். மிசிசிப்பி ஆற்றைக் கடந்து அயோவாவினுள் நுழையும் பிரயாணி, மிசூரி ஆற்றை அடையும் வரை இருமருங்கும் காண்பவை பெரும்பாலும் சோளமும் சோயா அவரையுமே. இடையிடையே உலோகத்தாலான தானியக் குதிர்கள். ஒரு சிறு தோப்பின் நடுவே ஒரு வீடு. சில இடங்களில் தோப்பு மட்டும் நிற்க, வீடு இல்லை. தெருவுக்கும் வயலுக்கும் இடையே வேலி ஓடுகிறது. அத்தெருவில் நடந்து செல்வோர் இல்லை. உழவு இயந்திரம் இல்லை. தெருவைப் பார்த்துத் திறந்த கடையும் இல்லை. காண எதுவுமற்ற நாடு இது என்று சலித்துக்கொண்டு மணிக்கு 70 மைல் வேகத்தில் பிரயாணி கடந்து போகிறான். அவ்வெறுமை இயற்கை தந்ததன்று. மனிதர் அதனைப் படிப்படியாக உண்டாக்கினர்.

முதலில் வயல்களின் வடிவத்தை நோக்குவோம். ஆகாய விமானத்திலிருந்து பார்ப்பவருக்கு அந்நிலம் சதுரங்கப் பலகை போலத் தோன்றும். 1785 ஆம் ஆண்டின் நிலச்சட்டம் வகுத்த வடிவம் அது. ஆறு மைல் நீளமும் ஆறு மைல் அகலமுங்கொண்ட ஊர்ப்பிரிவு. அதனுள் 36 சதுரங்கள். சதுரம் ஒன்றுக்கு 640 ஏக்கர். அதன் காற்பங்கு 160 ஏக்கர். ஆறு எங்கே ஓடுகிறது, மேடு எங்கே இருக்கிறது, அங்கே எவர் வாழ்கின்றனர் என்பனவற்றையெல்லாம் கருதாது நேர்கோடு கிழித்து நிலத்தை விற்பனைப் பண்டமாக்கிய ஏற்பாடு அது. அக்கோடுகளின் மேலேயே பிற்காலத்தில் மைலுக்கொரு கிராம வீதி அமைந்தது.

கோடு கிழிக்கப்பட்ட நிலத்தில் ஏற்கெனவே மக்கள் வாழ்ந்தனர். சோக், மெஸ்குவாக்கி முதலிய முதற்குடிகள் 1832 ஆம் ஆண்டுப் போரின் பின்னர் மிசிசிப்பிக் கரையிலிருந்த தம் நிலங்களை இழந்தனர். சிறிது காலத்துள் அயோவாவை விட்டே வெளியேற்றப்பட்ட மெஸ்குவாக்கி மக்களுட் சிலர் திரும்பி வந்து, 1857 ஆம் ஆண்டு அம்மாநிலத்தின் டாமாப் பகுதியில் 80 ஏக்கரைக் காசு கொடுத்து வாங்கினர். தம் மூதாதையர் மண்ணைத் தாமே விலைக்கு வாங்க நேர்ந்த அம்மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே வாழ்கின்றனர். நெபிராஸ்காவின் பாவ்னி மக்களோ 1870களில் தெற்கே அனுப்பப்பட்டனர். அமெரிக்கக் கமக்காரனின் சுதந்திரம் பற்றிப் பேசும் நூல்கள் பல இந்த முதல் அத்தியாயத்தை அவசரமாகப் புரட்டிவிடுகின்றன.

1862 ஆம் ஆண்டில் இரு சட்டங்கள் பிறந்தன. ஒன்று, ஐந்தாண்டு தங்கியிருந்து பயிர் செய்வோனுக்கு 160 ஏக்கரை வழங்கியது. மற்றது, மேற்கே பாதையமைக்கும் புகையிரதக் கம்பனிகளுக்குப் பாதையின் இருபுறமும் பெருந்தொகையான நிலத்தைத் தானமாக அளித்தது. ஏழைக் குடியானவனுக்குக் கையளவு; கம்பனிக்குக் கடலளவு. அயோவாவிலோ நிலத்தின் பெரும்பகுதி அச்சட்டத்துக்கு முன்னரே விலைபோய்விட்டது. நிலத்தை வாங்கி விலையேறும் வரை வைத்திருந்தோர் அதில் இலாபம் கண்டனர். நெபிராஸ்காவில் பிளாட் ஆற்றின் பள்ளத்தாக்கு வழியாக யூனியன் பசிபிக் பாதை சென்றது. கூடார வண்டிகள் சென்ற பழைய தடம், புகையிரதப் பாதை, 1913 இல் திட்டமிடப்பட்ட லிங்கன் பெருந்தெரு, பின்னர் எண்பதாம் இலக்கத் தெரு ஆகிய நான்கும் அப்பள்ளத்தாக்கில் ஒன்றையொன்று ஒட்டிச் செல்கின்றன. 

பாதை வந்தால் விளைபொருளுக்குச் சந்தை கிடைக்கும் என்று நம்பிய கமக்காரர், பாதை எவர் கையில் இருக்கிறதோ சந்தையும் அவர் கையில் என்பதை விரைவில் கண்டனர். தானியத்தை ஏற்றும் கூலியையும் களஞ்சியத்தில் வைக்கும் கூலியையும் கம்பனிகளே நிர்ணயித்தன. இதனை எதிர்த்து எழுந்ததே 1867 இல் தோன்றிய கிரேஞ்சு இயக்கம். இல்லினோய், அயோவா, மினசோட்டா, விஸ்கொன்சின் ஆகிய மாநிலங்கள் 1870களில் கட்டணக் கட்டுப்பாட்டுச் சட்டங்களை இயற்றின. பொதுநலன் சார்ந்த தொழிலைக் கட்டுப்படுத்த அரசுக்கு உரிமையுண்டு என்று 1877 இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1892 இல் ஒமாகா நகரிற் கூடிய மக்கள் கட்சி இன்னும் ஒருபடி மேலே சென்று, புகையிரதப் பாதைகளை அரசே உடைமையாக்க வேண்டும் என்று கோரியது. கைகளில் மண்ணோடு வந்த கமக்காரரே அக்கோரிக்கையின் பின்னால் நின்றனர் என்பது கருத்தூன்றத்தக்கது.

மோட்டார் வண்டியின் வருகையோடு வினா புதிய உருவெடுத்தது. அயோவாவின் கரிய மண் பயிருக்கு அமிர்தம். மழை பெய்தால் வண்டிக்கு நஞ்சு. சேற்றில் வண்டிகள் அச்சு வரை புதைந்தன. நோயாளி வைத்தியரிடம் செல்ல இயலாது, பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்ல இயலாது, கடிதம் வாராது. ஆகவே வீதி வேண்டுமென்பதில் எவருக்கும் ஐயமிருக்கவில்லை. எந்த வீதி என்பதே பூசலாயிற்று. கமக்காரர் கேட்டது தம் களத்திலிருந்து அருகிலுள்ள சந்தைக்குச் செல்லும் வீதி. நகர வணிகரும் வாகன உற்பத்தியாளரும் கேட்டது கடலிலிருந்து கடல் வரை செல்லும் வீதி. 1916 ஆம் ஆண்டுச் சட்டம் கிராமத் தபால் வீதிகளுக்கு முதன்முறையாகத் தொடர்ச்சியான மத்திய உதவியை வழங்கியது. 1919 ஆம் ஆண்டு ஜூலையில் வாஷிங்டனிலிருந்து புறப்பட்ட இராணுவ வாகன அணி, பழுதாகிய பாலங்களிலும் நெபிராஸ்காவின் மணலிலும் சிக்கிச் சான் பிரான்சிஸ்கோவைச் சேர 62 நாட்கள் பிடித்தன. அவ்வணியிற் சென்ற இளம் அதிகாரிகளுள் ஒருவர் ட்வைட் ஐசன்ஹோவர்.

தெரு எவருடையது என்னும் வினாவுக்குக் கமக்காரர் தாமே விடையளித்த ஒரு கட்டமும் உண்டு. பொருளாதார வீழ்ச்சியின் கொடுமை உச்சமடைந்த காலத்தில், சோளத்தை விற்று நிலக்கரி வாங்குவதிலும் சோளத்தையே அடுப்பிலிடுவது மலிவாயிற்று. ஈடுவைத்த காணிகள் ஏலத்துக்கு வந்தன. 1932 ஆம் ஆண்டு ஓகஸ்டில், மைலோ ரெனோவின் தலைமையில் அமைந்த கமக்காரர் விடுமுறைச் சங்கத்தினர், உற்பத்திச் செலவுக்கேனும் ஈடாகும் விலை கிடைக்கும் வரை பொருளை விற்பதில்லையெனத் தீர்மானித்து, சியூ நகருக்குச் செல்லும் வீதிகளை மறித்து நின்றனர். மரக்குற்றிகளை வீதியிற் கிடத்தினர். விற்பனைக்குச் சென்ற பாலை வாய்க்காலிற் கொட்டினர். எலா ரீவ் புளூர் அம்மையார் போன்ற பொதுவுடைமைவாதிகளும் அப்பகுதிக் கமக்காரரிடையே சென்று பணிபுரிந்தனர். காணி ஏலங்களுக்கு அயலவர் திரண்டு சென்று சில சதங்களுக்கே கேட்டு வாங்கி உரியவனிடமே திருப்பிக் கொடுத்தனர். 1933 ஏப்ரிலில் லெ மார்ஸ் என்னும் ஊரில், காணிப் பறிமுதல் வழக்குகளை விசாரித்த நீதிபதி ஒருவரை நீதிமன்றத்திலிருந்து இழுத்துச் சென்று கழுத்திற் கயிறு மாட்டினர்; உயிர் போகவில்லை. இராணுவச் சட்டம் வந்தது. இச்செயல் நியாயமா அநியாயமா என்பது வேறு விவாதம். தெருவை மறித்தால் சந்தை நின்றுவிடும் என்பதைக் கமக்காரர் அறிந்திருந்தனர் என்பதே இங்கு நமக்கு முக்கியம். தம் வாசலிலிருந்து நேரே இறங்கிச் சென்று நிற்கக்கூடிய தெருவாக அது இருந்தமையால் அவர்களால் அதனை மறிக்க முடிந்தது.

இருபத்துநான்கு ஆண்டுகளின் பின்னர், 1956 ஜூன் 29 ஆம் நாள், ஜனாதிபதியாகிவிட்ட ஐசன்ஹோவர் மாநிலங்களிடைப் பெருந்தெருச் சட்டத்திற் கையொப்பமிட்டார். 41,000 மைல் நீளம். 13 ஆண்டுகளுக்கு 2,500 கோடி டொலர். செலவில் 90 சதவீதம் மத்திய அரசினது. பெற்றோல் கலனுக்கு 2 சதமாயிருந்த வரி 3 சதமாகி, பெருந்தெரு நிதியம் ஒன்றிற் சேர்ந்தது. சட்டம் அத்தெருக்களின் பெயரிற் பாதுகாப்பு என்னும் சொல்லையும் சேர்த்துக்கொண்டது. கெடுபிடிப் போரின் நாட்களில் அச்சொல்லை எதிர்க்கத் துணிந்தோர் சிலரே. திட்டத்தை வகுக்க அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கிய லூசியஸ் கிளே, ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனியின் இயக்குநர் சபையில் இருந்தவர். பாதுகாப்பு அமைச்சர் சார்ள்ஸ் வில்சன் அதே கம்பனியின் முன்னாள் தலைவர். எவரும் இரகசியச் சதி செய்ய வேண்டிய தேவை அங்கு இருக்கவில்லை. நாட்டின் நலனும் கம்பனியின் நலனும் ஒன்றே என்று அவர்கள் உண்மையாகவே நம்பினர். ஆளும் வர்க்கம் தன் நலனைப் பொதுநலனாகக் காண்பது இவ்வாறுதான்.

பணம் மக்களுடையது, அத்தெருக்களும் பெரும்பாலும் கட்டணமின்றித் திறந்திருப்பவை. அவ்வகையில் இது மாபெரும் பொதுவுடைமைச் செயல் என்றே கூறலாம். தனியார் துறையின் புகழைப் பாடும் ஒரு நாடு, தன் பொருளாதாரத்தின் முதுகெலும்பை அரசுப் பணத்தால் அமைத்துக்கொண்டதென்னும் முரண்பாட்டை நாம் மறந்துவிடலாகாது. பொதுவாக்கப்பட்டது தெரு மட்டுமே. அதன் இரு முனைகளிலும் இருந்த களஞ்சியமும் இறைச்சித் தொழிற்சாலையும் வங்கியும் முன்பிருந்தோர் கைகளிலேயே இருந்தன.

இனி, காணிக்கு நேர்ந்ததைப் பார்ப்போம். தெருவுக்கும் அதன் ஓரங்களுக்குமாக 300 அடி அகலம் எடுக்கப்பட்டதென்று கொண்டால், மைலுக்கு 36 ஏக்கர் போய்விடும். பொதுத் தேவைக்காகக் காணி சுவீகரிக்கும் அதிகாரம் அரசுக்குண்டு, நட்டஈடும் கொடுத்தனர். ஆனால் 160 ஏக்கரில் 18 ஏக்கரை இழந்தவன் அவ்வளவை மட்டும் இழப்பதில்லை. வீடு வடக்கே, மேய்ச்சல் நிலம் தெற்கே எனக் கமம் இரண்டாகப் பிளந்தால், எதிரே தெரியும் தன் வயலுக்கு உழவு இயந்திரத்தை அவன் அயற்பாலம் வரை சுற்றிக் கொண்டுசெல்ல வேண்டும். மைலுக்கொன்றாயிருந்த கிராம வீதிகள் பல பெருந்தெருவின் வேலியோடு முட்டி நின்றன. தெரு சதுரங்களைக் குறுக்காக வெட்டிய இடங்களில் வயல்கள் முக்கோணங்களாயின. நேர்வரிசையில் ஓடும் இயந்திரத்துக்கு முக்கோணத்தின் மூலை பயன்படாது. அயோவாவின் வடபகுதியில் முப்பத்தைந்தாம் இலக்கத் தெரு சாய்வாகச் செல்லத் திட்டமிடப்பட்டபோது கமக்காரர் அதனை எதிர்த்துப் போராடியதன் காரணம் இதுவே. தெரு இறுதியிற் சாய்வாகவே சென்றது.

அளவைவிட முக்கியமானது தெருவின் இயல்பு. இத்தெருவில் நினைத்த இடத்தில் ஏறவும் இறங்கவும் இயலாது. சில மைல்களுக்கொருமுறை அமைந்த ஏறுவாயில்களே வழி. ஏறுவாயில் எங்கே அமைகிறதோ அங்கே காணியின் விலை ஏறும். பெற்றோல் நிலையமும் விடுதியும் முளைக்கும். அயோவாவின் வோல்கொட் என்னுமிடத்தில் 1964 இல் திறந்த லொறித் தரிப்பிடம் இன்று உலகிலேயே பெரியது எனத் தன்னை விளம்பரப்படுத்துகிறது. ஏறுவாயில் அமையாத ஊர்களோ, பழைய ஆறாம் இலக்க வீதியில் வந்த பிரயாணிகளை இழந்து மெல்ல ஓய்ந்தன. 1932 இல் வீதியிற் கிடத்திய மரக்குற்றிக்கு இத்தெருவில் இடமில்லை. வேலி அதனைத் தடுக்கும்; அதையும் மீறி நடந்து நிற்பவனைச் சட்டம் தடுக்கும்.

அயோவா என்னும் பெயர் நம் நாட்டு வரலாற்றிலும் ஓரிடத்தைப் பெற்றுள்ளது. 1962 இல் அமெரிக்கக் காங்கிரஸ், தன் நாட்டுக் கம்பனிகளின் சொத்தைத் தேசியமயமாக்கி உரிய காலத்தில் நட்டஈடு வழங்காத நாடுகளுக்கு உதவியை நிறுத்தும் திருத்தம் ஒன்றைச் சட்டமாக்கியது. அதனைக் கொணர்ந்த செனற்றர் ஹிக்கன்லூப்பர் அயோவாவின் பிரதிநிதி. பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தை அமைத்து எஸோ, கால்ரெக்ஸ் கம்பனிகளின் சொத்துக்களைச் சுவீகரித்த இலங்கையின் மீதே, 1963 பெப்ரவரியில், அத்திருத்தம் பிரயோகிக்கப்பட்டது. தெருவுக்காகக் கமக்காரனின் வயலை எடுப்பது பொதுநலன். பெற்றோலை மலிவாக வழங்குவதற்காக ஒரு சிறு நாடு எண்ணெய்த் தாங்கிகளை எடுப்பது குற்றம். இரு நிகழ்ச்சிகளும் ஒரே பத்தாண்டுக்குள் நடந்தவை.

தெரு முடிவடைந்தது. 1974 அக்டோபரில் நெபிராஸ்காவின் சிட்னி என்னும் ஊரருகே கடைசித் துண்டு இணைந்தபோது, தன் பங்கைக் குறித்த பாதையில் முற்றாக முடித்த முதல் மாநிலம் எனும் பெருமையை நெபிராஸ்கா பெற்றது. அதற்குள் தெருவின் பயனும் தெரியத் தொடங்கிவிட்டது. முன்னர் மாடுகள் புகையிரதத்தில் ஏறிச் சிக்காகோவின் பெருந்தொழுவங்களுக்குச் சென்றன. அங்கே வெட்டுத் தொழிலாளர் நெடும் போராட்டத்தின் பின் வலிமை வாய்ந்த தொழிற்சங்கத்தைக் கட்டி எழுப்பியிருந்தனர். குளிரூட்டிய லொறியும் பெருந்தெருவும் வந்தபின், மாடு நிற்குமிடத்துக்கே தொழிற்சாலை செல்லலாம் என்றாயிற்று. 1960 இல் அயோவாவின் டெனிசனில் தோன்றிய அயோவா மாட்டிறைச்சிக் கம்பனி, இறைச்சியை அங்கேயே துண்டாக்கிப் பெட்டியிலடைத்து லொறியில் அனுப்பும் முறையைப் பரப்பியது. தேர்ந்த கசாப்புத் தொழிலாளியின் வேலை ஓடும் பட்டியருகே நின்று ஒரே வெட்டை நாள்முழுதும் வெட்டும் வேலையாகக் குறைந்தது. சிக்காகோத் தொழுவங்கள் 1971 இல் மூடப்பட்டன. தொழிற்சங்கத்தை உடைக்க வேண்டியிருக்கவில்லை. அதனைச் சுற்றிக்கொண்டு போகத் தெரு இருந்தது.

கமக்காரனுக்கு இதனால் நல்ல விலை கிடைத்ததா? வாங்குவோர் பலராயிருந்த சந்தையில், இன்று நான்கு கம்பனிகள் நாட்டின் கொழுத்த மாடுகளில் ஏறத்தாழ 85 சதவீதத்தை வாங்கி வெட்டுகின்றன. 1979 பெப்ரவரியில் ஆயிரக்கணக்கான கமக்காரர் உழவு இயந்திரங்களைப் பெருந்தெருக்கள் வழியே ஓட்டித் தலைநகரை அடைந்து நியாய விலை கேட்டனர். தெருவைத் தமதாக்க முயன்ற இன்னொரு முயற்சி அது. அவர்கள் வெறுங்கையோடு திரும்பினர். அடுத்த சில ஆண்டுகளில் வட்டி உயர்ந்தது. அயோவாவின் காணி விலை பாதிக்கும் கீழே சரிந்தது. ஏலக்காரன் மீண்டும் வாசலுக்கு வந்தான். 1950 இல் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டிருந்த அயோவாவின் கமங்கள் 2022 இல் ஏறத்தாழ 87,000 ஆகின. விளைச்சல் குறையவில்லை, பன்மடங்கு பெருகியது. குறைந்தவர்கள் மனிதர்களே. வீடற்ற தோப்புகளின் பொருள் இதுதான். தெரு ஒன்றே இதற்குக் காரணம் என்பது மிகையாகும். இயந்திரமும் கடனும் அரசின் விலைக்கொள்கையும் சேர்ந்தே இதனைச் செய்தன. தெரு அவற்றின் வேகத்தைக் கூட்டிற்று.

இறுதியாக, பிளாட் பள்ளத்தாக்கிலுள்ள லெக்சிங்டன் என்னும் சிற்றூரின் கதை. அறுவடை இயந்திரம் செய்த தொழிற்சாலை ஒன்று அங்கே இருந்தது. 1980களில் கமக்காரர் வீழ்ந்தபோது இயந்திரம் வாங்க ஆளில்லாது அது மூடப்பட்டது. 1990 இல் அதே இடத்தில், நாம் மேலே கூறிய இறைச்சிக் கம்பனி வெட்டுச்சாலை திறந்தது. வேலைக்கு மெக்சிக்கோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும், பின்னர் சோமாலியாவிலிருந்தும் மக்கள் வந்தனர். வெள்ளையர் ஊராயிருந்தது பல மொழிகள் ஒலிக்கும் ஊராயிற்று, பாடசாலைகள் நிரம்பின, மூடிய கடைகள் திறந்தன. 2001 இல் டைசன் கம்பனி அதனை வாங்கியது. 2025 நவம்பரில், அவ்வெட்டுச்சாலையை 2026 ஜனவரியில் மூடப்போவதாக டைசன் அறிவித்தது. ஏறத்தாழ 11,000 பேர் வாழும் ஊரில் 3,200 பேருடைய வேலை அது. மாட்டு மந்தை குறைந்துவிட்டதாம், கம்பனிக்கு நட்டமாம். முப்பத்தைந்து ஆண்டு உழைப்பால் ஓர் ஊரை மீண்டும் உயிர்ப்பித்த அத்தொழிலாளரை இத்தீர்மானத்தில் எவரும் கலந்துகொள்ளவில்லை. கம்பனிக்கு வேறிடங்களில் வெட்டுச்சாலைகள் உண்டு. மாடுகள் அங்கே செல்லும். பெருந்தெரு அதற்கும் உதவும்.

ஆகவே, தெருவை வெறுப்பது பேதைமை. சேற்றிற் புதைந்த வண்டிக்காக ஏங்குவோர் அச்சேற்றில் நடந்தறியாதவர்களே. நோயாளியை வைத்தியசாலைக்கும் மாணவனைப் பல்கலைக்கழகத்துக்கும் கொண்டுசெல்லும் தெரு மனித உழைப்பின் பெருஞ் சாதனை. ஒமாகாவில் 1892 இற் கூடிய கமக்காரர் பாதையை அரசுடைமையாக்கக் கோரினர். அறுபத்துநான்கு ஆண்டுகளின் பின் அவர்தம் பேரப்பிள்ளைகளுக்கு அரசுடைமையான பாதை கிடைத்தது. ஆனால் களஞ்சியமும் வெட்டுச்சாலையும் கடனும் தனியுடைமையாய் இருக்கையில், பொதுவான பாதை அத்தனியுடைமைக்கே சேவகம் செய்தது.

பூமிசாத்திரம் கற்பிக்கும் ஆசிரியர் வகுப்பறையிற் படத்தை விரித்து, இத்தெரு இன்ன ஊரிலிருந்து இன்ன ஊருக்குச் செல்கிறது என்று கோடு காட்டுகிறார். அதனோடு நின்றுவிடாது, எவர் காணியூடே, எவர் பணத்தில், எவருக்காக என்று மாணவரை வினவச் செய்வாராயின், எந்நாட்டுத் தெருவும் பாடநூலாகும். லெக்சிங்டன் மக்கள் இன்று தமக்குள் கேட்டுக்கொள்ளும் வினாக்களும் அவையே.